நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே

முத்துக்கரை மாடித்தோட்டக்காரர் சங்கத்தின் இணையதளம் ஒரு வியாழக்கிழமை காலையில் புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்து முடித்ததும், உறுப்பினர் பட்டியலில் நாற்பத்தொன்றாம் பெயருக்கும் நாற்பத்திரண்டாம் பெயருக்கும் நடுவே முந்நூற்றிருபது பிக்சல் உயரத்துக்கு ஒரு வெற்றிடம் விழுந்திருந்தது. பனையடித் தெருவில் அந்த இரு உறுப்பினர்களின் வீடுகளுக்கும் நடுவே முந்நூற்றிருபது அடி காலி நிலம் வந்திருந்தது.

நாற்பத்தொன்றாம் உறுப்பினர் பியூலா. நாற்பத்திரண்டாம் உறுப்பினர் அவளுடைய தங்கை எப்சிபா. அந்த இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவளும் எப்சிபாதான். அதனால் அன்று காலை தெருவில் கோலம் போட வந்தவர்கள், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் காலி நிலத்தை ஒரு தடவையும் எப்சிபாவை இரண்டு தடவையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதுவரை அந்த இரண்டு வீடுகளும் ஒட்டித்தான் இருந்தன. அப்பா கட்டிய ஒரே வீட்டை நடுவில் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை அந்தச் சுவர் சரிபாதியாகப் பிரிந்து ஆளுக்கு நாலரை அங்குலமாக நின்றது. வெற்றிடம் விழுந்தால் பட்டியலில் அதற்குக் கீழே உள்ளவை கீழே இறங்கும். தெருவிலும் எப்சிபாவின் வீடும் அதற்கு அடுத்த வீடுகளும் கிழக்கே இறங்கிப் போயிருந்தன. கடைசி வீட்டு மரியபுஷ்பம் டீச்சர் கதவைத் திறந்தபோது கடல் இரண்டாவது படியை நனைத்துக்கொண்டிருந்தது. டீச்சர் செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு எப்சிபாவுக்குப் போன் செய்தார்.

"உன் வெப்சைட்டைக் கொஞ்சம் பாரு எப்சி. என் கத்தரிக்கு உப்புத்தண்ணி ஆகாது."

"நான் எதையும் தொடல டீச்சர்."

"நான் உன்னைக் குத்தம் சொல்லல. பாருன்னுதான் சொல்லுதேன்."

குற்றம் சொல்லியிருந்தால்கூட எப்சிபா தாங்கியிருப்பாள். சொல்லாமல் விட்டதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. சாப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு சங்கத் தலைவர் தங்கமாரியப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை எடை போடும் மேடையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தளத்தின் கடவுச்சொல் அவரிடமும் ஒன்று இருந்தது.

"அண்ணாச்சி, அப்டேட்டை யாரு அமுக்கினது?"

"நான்தாம்மா. சிவப்பு வட்டத்துல ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. அமுக்கினேன். ஒண்ணு போயிட்டு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு? மத்த இருநூத்திப் பன்னெண்டு பேரும் ஒழுங்காத்தானே இருக்காங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் விழுந்திருக்கு." தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா தங்கச்சிக்குள்ள ஏதும் மனஸ்தாபமா?"

எப்சிபா விருட்டென்று எழுந்தாள். வெளியே வந்து அவர் வீட்டு இரும்புக் கேட்டை அறைந்து சாத்தினாள். கேட்டின் கொண்டி கழன்று கையோடு வந்தது. அதை அங்கேயே சுவர்மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

மனஸ்தாபம் இருக்கத்தான் செய்தது. எப்சிபா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பியூலாவின் கணவர் கப்பலில் வேலை பார்த்தார். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருந்தார். ஆகவே பியூலாவுக்குக் கவனித்துக்கொள்ளக் கையருகில் இருந்த ஒரே ஆள் தங்கைதான். கவனித்துக்கொள்வது என்றால் அவள் அகராதியில் கூப்பிடாமல் உள்ளே வருவது, அடுப்பில் இருக்கும் சட்டியின் மூடியைத் திறப்பது, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பது, கேட்காமல் உப்புப் போடுவது. கடந்த திங்கட்கிழமை மதியம் அவள் அப்படி உப்புப் போட்ட சாளைமீன் குழம்பில் எப்சிபா ஏற்கெனவே உப்புப் போட்டிருந்தாள்.

"கொஞ்சம் இடம் விடு அக்கா" என்று எப்சிபா கத்தினாள். "எனக்கு மூச்சு முட்டுது."

பியூலா அகப்பையைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே தன் வீட்டுக்குப் போய்விட்டாள். செவ்வாயும் புதனும் வரவில்லை. வியாழக்கிழமை வெற்றிடம் வந்தது.

தளம் புதுப்பித்த பிறகு மெதுவாகத் திறந்தது. அதனால் காலி நிலத்தைத் தாண்டி வரும் எல்லாமே மெதுவாக வந்தன. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் எப்சிபாவின் பக்கம் இருந்தன. அங்கிருந்து ஒரு குழாய் பியூலாவின் மாடித் தொட்டிக்குப் போனது. குழாய் அறுந்துவிடவில்லை. முந்நூற்றிருபது அடிக்கு இழுபட்டுப் பென்சில் பருமனுக்கு மெலிந்திருந்தது. காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டால் தண்ணீர் பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. உச்சி வெயிலில் செடிக்குத் தண்ணீர் விட்டால் வேர் வெந்துவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி. மூன்று வருடமாகப் புடலையில் முதல் பரிசு பியூலாவுக்குத்தான்.

அவள் குரலும் அப்படித்தான் வந்தது. பியூலா காலை ஏழு மணிக்கு மாடியில் நின்று திட்டினால் அது ஒன்பதரை மணிக்கு எப்சிபாவின் மாடிக்கு வந்து சேர்ந்தது. எப்சிபா உடனே பதில் சொன்னாலும் அது பியூலா மதியச் சாப்பாட்டில் இருக்கும்போதுதான் போய் விழுந்தது. அதற்குள் பியூலா வேறு ஒன்றுக்காகக் கோபப்பட்டிருப்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்காகச் சண்டை போடவே முடியவில்லை. அது எப்சிபாவை இன்னும் எரிச்சலாக்கியது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் போன் என்பது வெளியூர்க்காரர்களோடு பேசுவதற்கு; சண்டை போடுவதற்கு அல்ல.

வெள்ளிக்கிழமை காலை எப்சிபா மென்பொருள் நிறுவனத்தின் உதவி மையத்தைக் கூப்பிட்டாள். பேசிய பெண்ணுக்குச் சென்னைக் குரல். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எங்க பக்கம் கரெக்டா தெரியுது மேடம்."

"எங்க பக்கம் கடல் டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்துட்டு."

"ஓகே மேடம். உங்க பிரவுசர்ல பழைய பக்கத்தோட காப்பி இருக்கும். அத அழிச்சுட்டுத் திரும்பத் திறந்து பாருங்க."

எப்சிபா அழித்தாள். திரும்பத் திறந்தாள். வெற்றிடம் இல்லை. நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்காக நின்றன. சமையலறைக்கு ஓடிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பியூலாவின் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. தேங்காய் அரைபடும் சத்தம். எப்சிபா முஷ்டியால் சுவரில் மூன்று முறை தட்டினாள். மிக்ஸி நின்றது போலிருந்தது. வாசல் வழியாக வெளியே வந்தாள். காலி நிலம் அப்படியே கிடந்தது. தூரத்தில் பியூலாவின் வீடு ஒரு தீப்பெட்டி போலத் தெரிந்தது.

"தட்டினேனே, கேட்டுச்சா?" என்று மாடியில் நின்று கத்தினாள்.

"இங்க ஒரு தட்டலும் கேக்கல" என்று மதியத்துக்குமேல் பதில் வந்தது. "என் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் நிலந்தான் கிடக்கு."

திரையில் வெற்றிடம் போனதைக் கேட்டு உதவி மையப் பெண் மகிழ்ந்தாள். "அப்போ உங்க சிஸ்டம்ல சரியாயிடுச்சு. புகாரை முடிச்சுடட்டுமா மேடம்?"

"முடிச்சுப் பாரு" என்றாள் எப்சிபா. "முடிச்சுட்டு உன் வேலை இருக்கான்னும் பாரு."

அந்தப் பெண் புகாரை முடிக்கவில்லை. தளத்தோடு ஒட்டவைத்திருக்கும் துணை நிரல்களை, அதாவது பிளகின்களை, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கச் சொன்னாள். எதை அணைத்ததும் வெற்றிடம் மறைகிறதோ அதுதான் குற்றவாளி.

மறுநாள் எப்சிபா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் வானிலை அறிவிப்பை அணைத்தாள். தெருவில் காற்று நின்றது. கொடியில் கிடந்த துணிகள் காயவும் இல்லை, ஈரமாகவும் இல்லை. வெற்றிடம் அப்படியே இருந்தது. வானிலையைத் திரும்பப் போட்டுவிட்டு நாட்காட்டியை அணைத்தாள். அன்று சனிக்கிழமை, மறுநாளும் சனிக்கிழமையாகவே விடிந்தது. ஆலயத்துக்குப் புறப்பட்டவர்கள் பாதி வழியில் திரும்பி வந்து இட்லிக்கு மாவாட்டினார்கள். அதையும் திரும்பப் போட்டாள். கடைசியாகக் கடவுச்சொல் கேட்கும் உள்நுழைவை அணைத்தாள். தெருவில் எந்தப் பூட்டும் யாரையும் தடுக்கவில்லை. மதியம் அவரவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில் சாப்பிட்டார்கள். எப்சிபாவின் சாப்பாட்டு மேசையில் தலைவர் தங்கமாரியப்பன் உட்கார்ந்து ரசம் கேட்டார்.

"ரசம் இல்ல அண்ணாச்சி."

"பரவாயில்ல. மோர் இருந்தா குடு."

அவள் மோரைக் கொண்டுவந்து டம்ளரை மேசைமேல் ஓங்கி வைத்தாள். பாதி மோர் அவர் சட்டைமேல் தெறித்தது. அவர் மீதிப் பாதியைக் குடித்துவிட்டு எழுந்தார். எப்சிபா உள்நுழைவைத் திரும்பப் போட்டாள். வெற்றிடம் ஓரடியும் குறையவில்லை.

இதற்குள் காலி நிலத்தில் ஆட்கள் புழங்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு உப்பு லாரி வந்து நின்றது, போகவில்லை. ஆடுகள் வந்தன. கல்லூரிப் பையன்கள் வலை கட்டிக் கைப்பந்து ஆடினார்கள். யாரோ இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு 'இந்த இடம் விற்பனைக்கு அல்ல' என்று ஒரு பிளக்ஸ் கட்டினார்கள். அதைக் கட்டியது யார் என்று எப்சிபா விசாரித்தபோது எல்லோரும் அவள்தான் கட்டினாள் என்று நினைத்திருந்தது தெரியவந்தது.

திங்கட்கிழமை உதவி மையப் பெண்ணே கூப்பிட்டாள்.

"மேடம், பெரியவங்ககிட்ட கேட்டுட்டேன். அது பிழை இல்லையாம். புது வடிவமைப்பாம்."

"என்னது?"

"எல்லாம் நெருக்கியடிச்சு இருந்தா ஆளுங்களுக்குக் கஷ்டமா இருக்கும் இல்லையா? மூச்சு விட இடம் வேணும்னு குடுத்திருக்காங்க."

"யாரு கேட்டா?"

"நாங்களா எதையும் செய்யறதில்ல மேடம். கோரிக்கை வந்தாதான் செய்வோம்." அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "உங்க தெருவிலிருந்தே ஒரு கோரிக்கை பதிவாகியிருக்கு. போன திங்கட்கிழமை, மதியம் பன்னெண்டு நாப்பது. 'கொஞ்சம் இடம் விடு. எனக்கு மூச்சு முட்டுது.' அப்படியே இருக்கு. உறுப்பினர் எண் நாப்பத்திரண்டு."

எப்சிபாவின் காது மடல் சூடானது. போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் அத உங்ககிட்ட சொல்லல."

"பதிவாகியிருக்கே மேடம்."

"எங்க அக்காகிட்ட சொன்னேன். என் வீட்டு அடுக்களையில சொன்னேன். குழம்புல உப்பு கூடிட்டுன்னு சொன்னேன். அத எடுத்து எழுதி வைக்க நீங்க யாரு?"

"கோரிக்கையைத் திரும்பப் பெறணும்னா சம்பந்தப்பட்ட ரெண்டு உறுப்பினர்களும் கையெழுத்து போடணும் மேடம். படிவம் அனுப்பவா?"

எப்சிபா போனைக் கட்டில்மேல் எறிந்தாள். அது மெத்தையில் குதித்து விழுந்து, "மேடம், மேடம்" என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் கூடத்தில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்தாள். கம்பெனிமேல் கோபம். அமுக்கிய அண்ணாச்சிமேல் கோபம். உப்புப் போட்ட அக்காமேல் கோபம். இத்தனை நாளும் தான் ஒன்றும் செய்யவில்லை என்று ஊருக்கே கத்திச் சொன்ன தன்மேலும் கோபம். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் செவ்வாய்க்கிழமை காலை விடிந்ததும் காலி நிலத்துக்குள் இறங்கி நடந்தாள்.

பாதி வழியில், லாரிக்குப் பக்கத்தில், பியூலா எதிரே வந்தாள். இரண்டு கையிலும் இரண்டு வாளி. வெறும் வாளிகள். தெருக்குழாய் எப்சிபாவின் வாசலில் இருந்தது. வீடு போனபோது அதுவும் கூடவே போயிருந்தது. பியூலா வலது காலை இழுத்து இழுத்து வைத்தாள். மூட்டில் தேய்மானம் என்று போன வருடமே டாக்டர் சொல்லியிருந்தார்.

நேருக்கு நேர் நின்றதால் அங்கே பேச்சு உடனுக்குடன் கேட்டது.

"எத்தனை நாளா தூக்குதே?" என்றாள் எப்சிபா.

"என்னைக்கு இந்தக் கூத்து வந்துச்சோ அன்னைக்கிலிருந்து."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அந்த முட்டியை வச்சுக்கிட்டா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல என்ன?"

"சொன்னேன்டி. வெள்ளிக்கிழமை காலையில சொன்னேன். ஒரு குடம் பிடிச்சு வையின்னு சொன்னேன். உனக்குக் கேக்கையில நான் மூணு நடை நடந்து முடிச்சுட்டேன்."

எப்சிபாவுக்கு நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிவாக்கில் 'குடம்' என்று ஏதோ வந்து விழுந்தது. அது திட்டு என்று நினைத்து அவளும் பதிலுக்குத் திட்டியிருந்தாள்.

"நான்தான் கேட்டேனாம்" என்றாள். "இந்த இடத்தை. அவங்க எழுதி வச்சிருக்காங்க. நான் சொன்னதை அப்படியே எழுதி வச்சிருக்காங்க."

பியூலா வாளிகளைக் கீழே வைத்தாள். "அது எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"எனக்கு மெயில் வந்துச்சு. 'உங்கள் அருகிலுள்ள உறுப்பினர் இடைவெளி கோரியுள்ளார். சம்மதமா?'ன்னு கேட்டிருந்தான்."

"நீ என்ன போட்டே?"

"சம்மதம்னு போட்டேன்." பியூலாவின் குரல் உயர்ந்தது. "பின்ன என்ன போடச் சொல்லுதே? தங்கச்சி மூச்சு முட்டுதுன்னு சொல்லுதா. எவ்வளவுன்னு கேட்டான். எவ்வளவு வேணுமோ குடுங்கன்னு போட்டேன். முப்பது வருசம் ஒரு சுவத்துக்கு அந்தாண்ட உக்காந்து உனக்கு ஒரு வாய் சோறு ருசியா இறங்குதான்னு பாத்த எனக்கு, நீ சொன்ன சொல்லுக்கு முந்நூத்திருபது அடி காணாது!"

"நான் உப்பைச் சொன்னேன் அக்கா!"

"நீ என்னைச் சொன்னே!"

கைப்பந்து வலைக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்தன. எப்சிபாவின் கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைத்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்பதால் துடைக்காமல் நின்றாள். பிறகு குனிந்து இரண்டு வாளிகளையும் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நிரப்பிக்கொண்டு வந்து பியூலாவின் மாடிக்கு ஏறிப் புடலைப் பந்தலுக்கடியில் தொம்மென்று வைத்தாள். மறுபடி போனாள். ஆறு நடை. பியூலா ஒவ்வொரு வாளியையும் செடிகளின் அடியில் ஊற்றினாள். காய் நேராக நீளப் புடலைப் பிஞ்சுகளின் நுனியில் கட்டியிருந்த கற்கள் ஆடின.

எப்சிபா வீட்டுக்கு வந்து கணினிமுன் உட்கார்ந்தாள். படிவம் வந்திருந்தது. பதினோரு பக்கம். அவள் அதைத் திறக்கவில்லை. பக்கத்தின் வடிவமைப்பைச் சொல்லும் கோப்புக்குள் நேராகப் போனாள். இரண்டு பெயர்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்கு அங்கே ஓர் எண் உண்டு. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் கீழே இருப்பது மேலே ஏறும். கழித்தல் முந்நூற்றிருபது போட்டால் போதும். ஆனால் அவள் போதும் என்ற நிலையில் இல்லை. கழித்தல் முந்நூற்றைம்பது என்று அடித்து, விசை உடைந்துவிடும் போல அமுக்கினாள்.

லாரி, ஆடு, பிளக்ஸ் எல்லாவற்றோடும் காலி நிலம் போய்விட்டது. எப்சிபாவின் வீடு மேற்கே வந்து பியூலாவின் வீட்டைத் தொட்டது. தொட்ட பிறகும் முப்பதடி வந்தது. முப்பதடிதான் ஒரு வீட்டின் அகலம்.

எப்சிபா எழுந்து சமையலறைக்குப் போனாள். பியூலா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் தன் சமையலறையில் நின்றாள். எப்சிபா தன் சமையலறையில் நின்றாள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. எப்சிபாவின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பியூலாவின் மசாலா டப்பாக்கள் இருந்தன. அடுப்பில் இரண்டு குக்கர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே விசில் அடித்தன. இணையதளத்தில் இரண்டு பெயர்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கறுப்பாக ஒரு கோடு போலத் தெரிந்தன. பன்னிரண்டு மணிக்குக் கூரியர்க்காரர் வந்து, அந்தக் கோட்டைத் தன்னால் முடிந்தவரை உச்சரித்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

"எவ்வளவு போட்டே?" என்றாள் பியூலா.

"முந்நூத்தம்பது."

"எதுக்கு?"

"ஆத்திரம்."

பியூலா தலையசைத்தாள். "சரி. சாப்பிட்டுட்டு மாத்து."

சாப்பிட்டார்கள். குழம்பில் இருவர் போட்ட உப்பும் இருந்தது. எப்சிபா அதை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். பியூலா தண்ணீரை நகர்த்தி வைத்தாள், எப்சிபா குடிக்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு பியூலா மாடியில் போய் நின்றாள். எப்சிபா கணினியை சன்னலோரம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். எண்ணைக் குறைக்கக் குறைக்க வீடுகள் ஒன்றிலிருந்து ஒன்று உருவிக்கொண்டு வந்தன. முந்நூற்றிருபதில் பழையபடி ஒட்டி நின்றன.

"நிறுத்து" என்று பியூலா மேலிருந்து கத்தினாள். "இது போதும்."

"எனக்குப் போதாது."

"எவ்வளவு வேணும் உனக்கு?"

"பத்தடி."

"பத்தடியா? பத்தடியில நான் ஒரு கிண்ணத்தைக் கை மாத்த முடியுமா? எறியவா சொல்லுதே?"

"கிண்ணமே வேண்டாம்னுதானே சொல்லுதேன்!"

"வேண்டாம்னா போ. முந்நூத்திருபது அடியையே திருப்பி வை. வாளி தூக்கியே சாகுதேன்."

எப்சிபா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். சன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். தான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது தன் தலையைப் பியூலா படிய வாரிவிட்டதிலிருந்து ஆரம்பித்தாள். பியூலா மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து, அந்தத் தலையில் அப்போது எத்தனை பேன் இருந்தது என்று எண்ணிச் சொன்னாள். வெற்றிடம் வந்த பிறகு முதல்முறையாக அவர்கள் அவரவர் வீட்டில் நின்றபடியே ஒரே விஷயத்துக்காக ஒரே நேரத்தில் சண்டை போட்டார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் இரண்டடி என்று முடிவானது. ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம். ஆனால் நினைத்தவுடன் நுழைய முடியாது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, 'வாரேன்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைய முடியும்.

எப்சிபா கழித்தல் முந்நூற்றுப் பதினெட்டு என்று அடித்துச் சேமித்தாள். மோட்டாரைப் போட்டதும் பியூலாவின் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மரியபுஷ்பம் டீச்சரின் வீடு கடலுக்கு எட்டாத பழைய இடத்தில் வந்து நின்றது.

கண்காட்சியில் பியூலாவின் புடலைக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு டீச்சரின் கத்தரிக்குப் போனது. சமைக்கும்போது உப்பே தேவைப்படாத கத்தரி என்று நடுவர்கள் பாராட்டினார்கள். எப்சிபா மேடைக்கு முன்னால் போய் நின்று, புடலையும் கத்தரியும் எப்படி ஒரே பிரிவில் வரும் என்று தலைவரைக் கேட்டாள். பியூலா பக்கத்தில் நின்று அதையே இன்னும் சத்தமாகக் கேட்டாள். தலைவர் மைக்கை அணைத்துவிட்டார்.

மறுநாள் காலை தளம் இன்னொரு முறை புதுப்பிக்கப்பட்டது. இந்தத் தடவை வெற்றிடம் எதுவும் விழவில்லை. எழுத்துகள் எல்லாம் திரையின் வலது ஓரத்துக்குப் போயிருந்தன. பனையடித் தெருவில் இடப்பக்கம் ஒரு வீடும் இல்லை. எல்லா வீடுகளும் வலப்பக்கமாக ஒதுங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. பால்காரர் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிராததால் பால் அரை மணி நேரம் முன்னதாகவே வந்தது.

எப்சிபா பாலை அடுப்பில் வைத்துவிட்டு உதவி மையத்தின் எண்ணை அமுக்கினாள். "வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு பியூலா பக்கவாட்டில் நுழைந்து வந்தாள். வந்ததும் கையை நீட்டினாள்.

"குடு. இன்னைக்கு நான் பேசுதேன். நீ கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடக்கே."

எப்சிபா போனைக் கொடுத்தாள். பியூலா இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "யாரும்மா பேசுதது? நீதானா அது?" என்று ஆரம்பித்தாள்.

பால் பொங்கியது. பாத்திரத்தின் வலது விளிம்பில் மட்டும் வழிந்தது. எப்சிபா தீயைக் குறைத்து, அந்தப் பக்கத்தை மட்டும் துணியால் துடைத்தாள்.